டேப்பின் பூஜ்ய முனை

என் வேலை
டேப்பின் பூஜ்ய முனையைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது.
எண்ணைப் படிப்பவர் மறுமுனையில் நிற்பார்.
அவர் வினோலியா, பாரம்பரியக் கணக்கெடுப்பில் கட்டடக் கலைஞர்.
நான் எண்களைக் காதால் மட்டும் அறிந்தவன்.

மண்ணடியில், லாரி நுழைய முடியாத ஒரு சந்து.
சுவர் கனம் இரண்டேகால் அடி.
மெட்ராஸ் டெரஸ் கூரை. பர்மாத் தேக்கு உத்தரம் பதினாறு.
பதினேழாவதைச் செல் தின்றுவிட்டதால்
இரும்புக் குழாய் ஒன்று தோள் கொடுத்து நிற்கிறது.
படிவத்தில் குழாய்க்குக் கட்டம் இல்லை.

கீழே பேரிங் கடை.
மெட்ரோ சுரங்கம் தோண்டிய வருடம்
விரிசலின் குறுக்கே யாரோ ஒட்டிப்போன கண்ணாடிச் சில்லு
தேதியோடு இன்னும் இருக்கிறது, உடையாமல்.
"அது ஒடஞ்சா வெளிய ஓடணும்னு சொன்னாங்க.
ஷட்டர் தூக்குனதும் மொதல்ல அதத்தான் பாப்பேன்"
என்றார் தமீமுன் அன்சாரி.
எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கடையில்
அது மட்டும் துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்றிருந்தது.

மாடியில் ஓர் அறை. பிங்க் சுவர். புஷ்பராணி.
வினோலியா அறுவைக் கத்தி எடுத்து
உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினார்,
பூச்சுக்கு ஒரு விரல், படிப்படியாக:
பிங்க்,
பச்சை,
இன்னொரு பச்சை,
ஆஸ்பத்திரி நீலம்,
விறகடுப்புப் புகை குடித்த ஒரு வெள்ளை,
பிறகு பெயர் சொல்லத் தெரியாத ஐந்து,
பதினொன்றாவதாகக் காவி மஞ்சள்.
நகம் வைத்தால் வழுக்கியது.
"இதுதான் ஒரிஜினல்" என்றார், குரல் தாழ்ந்து.

சோறு வடித்துக்கொண்டிருந்த புஷ்பராணி
திரும்பாமலே கேட்டாள்:
"பிங்க்குக்கு நாலாயிரத்து இருநூறு ஆச்சு.
வட்டிக்கு வாங்குனது.
அது எந்த கிரேடு?"

கூட்டத்தில் படங்களைத் தள்ளிவிடுவதும் நான்தான்.
எதிர்காலத் திட்டம், இரண்டாயிரத்து நாற்பத்தைந்து.
காவி மஞ்சளில் அதே கட்டடம்.
கீழே காபிக் கடை, பிரம்பு நாற்காலிகள்,
வியர்க்காத மனிதர்கள்,
அவர்களுக்குள்ளே பாதி தெரியும் மரங்கள்.
கொடிக்கயிறு இல்லை.
பட்டியலிலிருந்து நீக்கக் கோரி
உரிமையாளர் சுகன்லால் எழுதிய கடிதம் நாலு வரி.
அடுத்த கூட்டத்துக்கு, என்றார்கள்.

சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை.
எதிர்வீட்டை அளக்கப் போன திங்கட்கிழமை
எனக்கு நினைவிருக்கிறது.
வீடு இல்லை. சனிக்கிழமை இரவே முடித்திருந்தார்கள்.
பக்கத்துச் சுவரில் படிக்கட்டின் தழும்பு மட்டும்
ஏறிக்கொண்டிருந்தது,
இல்லாத மாடிக்கு.
அன்று டேப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடித்தோம்.

மூன்று வருடம் கழித்து மறு அளவு.
கோப்பு நகர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.
கண்ணாடிச் சில்லு உடையவில்லை.
குழாய்க்குத் துணையாக இன்னொரு குழாய்.
மாடிச் சுவரில்
வண்ணங்களின் ஏணியைக் காணோம்.
அந்த இடத்தில், சுற்றிலும் உள்ளதைவிடக்
கொஞ்சம் அழுத்தமான பிங்க்கில்
உள்ளங்கை அளவு சதுரம்.
"ஐப்பசி மழைக்கு அங்கதான் ஈரம் வாங்குச்சு" என்றாள்,
திட்டு வாங்கத் தயாராக.

வினோலியா கொஞ்ச நேரம் நின்றார்.
நோட்டைப் பிரித்து
பதினொன்றுக்குக் கீழே பன்னிரண்டு என்று எழுதினார்.
"ஷேட் நம்பர் தெரியுமா?"

புஷ்பராணி வெளியே போய்ப்
பெயின்ட் டப்பாவைத் தூக்கி வந்தாள்.
அதில் கற்பூரவல்லி தழைத்திருந்தது.
வினோலியாவுக்குக் கண்ணாடி கைவசம் இல்லை.
ஈரமண்ணைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு
நான் படித்தேன், சத்தமாக,
ஒவ்வோர் எண்ணாக.